புத்தகத்துக்கு எதிர்ப்பக்கம்

உர ஸ்டோரைத்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நூல்நிலையமாகக் கொடுத்திருந்தார்கள். உரம் போய்விட்டது, நாற்றம் போகவில்லை. ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் கம்பி வலை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். மூட்டைக்கு எதற்கு உள்தாழ்ப்பாள்? துரையின் ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடுகிறார்கள் என்று முத்துலிங்கம் வாத்தியார் எங்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார். நடுவில் எந்தப் பிள்ளைக்காவது ஒன்றுக்கு வந்துவிட்டால் நான் கதவைத் தட்டோ தட்டென்று தட்ட வேண்டும்.

ஆனாலும் அந்த அறையை விட எனக்கு மனசில்லை. விட்டால் எங்கே போவேன்? கொழுந்துக் கூடைக்குத்தான். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த பெண் நான் ஒருத்திதான். முடித்து என்ன? மறு வருசமே கூடையை மாட்டிவிட்டார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று வாத்தியார் கெஞ்சித்தான் என்னை மலையிலிருந்து இறக்கினார்.

தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி மாயாண்டி அரை மனசாக ஒத்துக்கொண்டார்.

"ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போ. புள்ளைங்க வாசிக்கலன்னு வையி, அறை மறுபடி உர ஸ்டோரு, நீ மறுபடி பெரட்டு" என்றார். பெரட்டு என்றால் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற இடம்.

அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. எல்லாம் துரைசானி பங்களாவிலிருந்து கழித்துவிட்ட இங்கிலீஷ் புத்தகம். தமிழில் குழந்தைகளுக்கென்று ஒன்றே ஒன்று, மழைக்குப் பயந்த ஆட்டுக்குட்டியின் கதை. தரையில் சாக்கை விரித்து, நடுவில் அதைத் திறந்து வைத்து, சுற்றி உட்கார்ந்து வாசிப்போம். ஒரு பிள்ளை குச்சியால் எழுத்தைத் தொட வேண்டும், மற்றவை வாசிக்க வேண்டும். என்ன கும்மாளம் தெரியுமா! அந்த நேரத்தில் மட்டும் வெளியே தாழ்ப்பாள் இருப்பது எனக்கு மறந்துபோகும்.

அதிலும் சண்டை வந்தது. லயம் என்றால் எங்கள் வரிசை வீடுகள். மேல் லயத்து வீட்டுக்காரிகளுக்கும் கீழ் லயத்து வீட்டுக்காரிகளுக்கும் பீலிக்கரையில் தண்ணீருக்குத் தினமும் அடிதடி. அதே சண்டை பிள்ளைகளோடு சாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஒன்றையொன்று கிள்ளுவதும் முடியைப் பிடிப்பதும், ஐயையோ! கடைசியில் நான் இடம் பிரித்துவிட்டேன். மேல் லயம் புத்தகத்துக்கு இந்தப் பக்கம், கீழ் லயம் எதிர்ப்பக்கம். "இடம் மாறுனீங்க, தோலை உரிச்சிருவேன்" என்றேன். மாறவில்லை. நானும் கீழ் லயந்தான். பூரணி என்ற பிள்ளைக்குப் பக்கத்தில், எதிர்ப்பக்கத்தில்தான் உட்காருவேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டுப் போட்டவர். பின்னாலேயே மாயாண்டி கங்காணி. மேல் லயத்துச் சின்னராசா எழுந்து கடகடவென்று வாசித்தான். அடுத்து பூரணியைக் கூப்பிட்டார். ஆறு வயசு, குச்சி மாதிரி இருப்பாள். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் சட்டென்று தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

கங்காணி கெக்கெக்கே என்று சிரித்தார்.

"புத்தகம் பிடிக்கவே தெரியேல்லை. இதுக்கொரு அறை, இதுக்கொரு ஆள்!" என்று இன்ஸ்பெக்டர் அதை நேராக்கிக் கொடுத்தார்.

பூரணி எழுத்துகளை வெறித்துப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூட வாசிக்க வரவில்லை. எனக்குக் கூடைக் கயிறு நெற்றியில் இறுக்குவது போலவே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அடி பாவி மகளே, நீ எழுத்தைப் பார்த்ததெல்லாம் அந்தப் பக்கமிருந்துதானே!

"ஐயா, அவ எதிர்ப்பக்கத்துக்காரிங்க!" என்று கத்திவிட்டேன்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை. சாக்கை உதறி விரித்தேன். "நீங்க இங்கன உக்காருங்க. பூரணி, நீ ஒன் எடத்துல உக்காரு. ஐயா, எங்க வேணும்னாலும் தொடுங்க."

கோட்டை ஒதுக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் குந்தினார். ஒரு வரியைத் தொட்டார். எதிரே இருந்தபடி பூரணி வாசித்தாள்: "ஆட்டுக்குட்டி கதவை முட்டிப் பார்த்தது. கதவு திறக்கவில்லை."

"பாடமாக்கி வைச்சிருக்கும்" என்று இன்ஸ்பெக்டர் தன் பையிலிருந்த பத்திரிகையை விரித்தார். பூரணி தலைகீழாகவே அதையும் எழுத்துக்கூட்டினாள். மலை நாட்டில் கடும் மழை என்று வாசித்து முடித்தபோது இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இப்பிடி ஒண்டை நான் கண்டதேயில்லை! நேராயும் வாசிக்கப் பழக்கு, பிள்ளை. கெட்டிக்காரி நீ."

பூரணியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். தப்பித்தேன் என்று அழுகையே வந்துவிட்டது.

"அப்ப புள்ளைங்களுக்கு வாசிக்கத் தெரியும்ங்கிறீங்களாங்க?" என்று கங்காணி பணிவாகக் கேட்டார்.

"வடிவாத் தெரியும்."

"அப்ப சரிங்க."

இன்ஸ்பெக்டரின் கார் வளைவில் மறைந்ததும் கங்காணி என் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள மீனம்மா, நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு."

"ஏங்க? அதான் நல்லா வாசிச்சாங்களே!"

"அதத்தான் நானும் சொல்றேன். தலைகீழாக்கூட வாசிக்குதுங்க, இனி ஒனக்கு அங்க என்ன சோலி? கொழுந்து முத்திக் கெடக்கு."

"அடுத்த வருசம் வர்ற புள்ளைங்களுக்கு?"

"இதுங்க சொல்லிக்குடுக்கும்."

வாத்தியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். வாசிக்காவிட்டாலும் கூடை, வாசித்தாலும் கூடையா? இது என்ன நியாயம்? வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். நாங்கள் இருந்தது தோட்டத்து வீடு, எதிர்த்துப் பேசினால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

மறுநாள் பனி மூட்டத்தில் பெரட்டில் நின்றேன். கணக்கப்பிள்ளை மேசையில் பேர்ப் புத்தகத்தை விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். அவருக்கு எதிர்ப்பக்கம் நான். பூரணி வளர்ந்தால் அவளும் இங்கேதான் வந்து நிற்பாள். விரல் இன்னும் மேலேயே இருந்தது. அது இறங்கி வருவதற்குள், தலைகீழாகக் கிடந்த என் பேரை நான் வாசித்துவிட்டேன்.

"மீனம்மா!"

"இருக்கேங்க" என்றேன்.