உளியுத்தெ

பெங்களூரில் கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டு திரும்பிய மறுநாள் காலையில், எதிர்வீட்டுக் குள்ளம்மாள் வந்து என் மூக்குக்கு நேரே கையை நீட்டி, "பாயம்மா, இது எத்தனைங்க?" என்றாள். ஏழு என்றேன். அவள் குழம்பிப்போய்த் தன் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டாள். காட்டியது மூன்று விரல், அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் விரலை நீட்டினால் எனக்கு வேறென்ன பதில் வரும்? பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இவ்வளவு கணக்குக் கேட்டதில்லை.

சர்க்கரை வியாதி கண்ணுக்குப் போய்விட்டது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது என்று சொல்லி, ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. ஒவ்வொரு வெட்டும் மண்டைக்குள் ஊசி இறக்கியது. ஊரில் என்னவென்றால் லேசர் என்பதை லேசு என்று எடுத்துக்கொண்டார்கள். லேசாகத்தானே செய்தார்கள், இன்னும் எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று கேட்டவர்களும் உண்டு.

எல்லாம் முடிந்ததும் டாக்டர் கன்னடத்தில் சொன்னார். "ஹோகித்து ஹோய்த்து. இரோது உளியுத்தெ." போனது போனதுதான், இருப்பது மிஞ்சும் என்று அர்த்தம். நான் ராயக்கோட்டையில் பிறந்தவள், எங்கள் தெருவில் பாதிப்பேர் பேச்சு கன்னடம். கூட வந்த என் கொழுந்தன் உசேனோ தருமபுரிக்காரன். சிக்பேட்டையில் துணிக்கு விலை பேசுகிற அளவுக்குத்தான் அவனுக்குக் கன்னடம். உளியுத்தெ என்றது அவன் காதில் தெளியும் என்று விழுந்தது. ரயிலில் உட்கார்ந்தவுடனேயே பக்கத்தில் இருந்தவர்களிடம், எங்க அண்ணிக்குக் கண்ணு தெளிஞ்சிடுமாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். அப்படி இல்லையென்று நான் சொன்னேன். மனசத் தளர விடாதீங்க பாபி என்று எனக்கே தைரியம் சொன்னான். நல்லவன்தான். நல்லவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் எங்களுக்கு ப்ளவுஸ் பிட் கடை. பெண்கள் சேலையைக் கொண்டுவந்து விரிப்பார்கள், அதற்குப் பொருத்தமான டூ பை டூ துணியை எடுத்து வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மவுத்தானதிலிருந்து கடை மெத்தையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தது நான்தான். உசேன் அப்புறம் வந்து சேர்ந்தவன். இப்போது அவன் வைத்த சட்டம், கண் தெளியட்டும், அப்புறம் கடைக்கு வரலாம் என்பது. அந்த அப்புறம் வரவே வராது என்று எனக்குத் தெரியும். வீட்டில் நாள் முழுக்க ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள், கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனார்கள். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருந்திருந்தால் மிச்சமிருக்கிற பார்வையையும் அவர்களே அணைத்திருப்பார்கள். கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, உசேன் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில், புர்காவைப் போட்டுக்கொண்டு நடந்தே கடைக்குப் போய் மெத்தையில் உட்கார்ந்துவிட்டேன். கடைப்பையன்கள் எழுந்து வழி விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கடத்தூர் தீர்த்தம்மாள் வந்தாள். வருஷக்கணக்காக வருகிறவள். மகள் நிச்சயதார்த்தச் சேலையை விரித்தாள். என் முன்னால் ஏதோ ஒரு கருமை பரவியது. நடுவில் சிலந்தி நூல் மாதிரி ஒன்று ஆடியது. நிறத்தைக் கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கிறதென்று கைக்குத் தெரியும், ஒரு பிட்டை உருவிப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைச் சேலைமேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். தீர்த்தம்மாள் இப்படித் தயங்கி நான் பார்த்ததே கிடையாது.

"என்னம்மா, சொல்லேன்."

"சேல மயில் கழுத்துங்க பாயம்மா. நீங்க எடுத்தது கரும்பச்சைங்க."

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. உசேன் தொழுகை முடிந்து வந்திருந்தான், எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. குரலை இறக்கி, வாங்குகிறவள் முன்னால் என்னைக் குழந்தையாக்கிச் சொன்னான்.

"வூட்டுக்கு வாங்க பாபி. தெளியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"தெளியாது உசேன். டாக்டர் சொன்னது உளியும்னு. இருக்கறது மிஞ்சும், அவ்வளவுதான். மிஞ்சினத வெச்சுக்கிட்டு நான் இங்கதான் உக்காருவேன். நாளைக்கும் வருவேன்."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இந்தத் தடவை அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அழுகிறானோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அதற்கெல்லாம் அப்போது எனக்கு நேரமில்லை. நீலம், பச்சை அடுக்கியிருந்த தட்டு முழுவதையும் அப்படியே வாரி மடியில் கட்டிக்கொண்டேன். "கடைக்குள்ள இருட்டா இருக்கு. வெளிய வா தீர்த்தம்மா" என்று எழுந்தேன். அவள் சேலையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தாள்.

வெயில் சரியாக நடுத்தெருவில்தான் விழுந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். கண் எரிந்து நீர் கொட்டியது, கொட்டட்டும் என்று விட்டேன். அவளை அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகச் சொன்னேன், இந்தப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். சேலை முழுசும் விரிந்தது. மடியிலிருந்து ஒவ்வொரு பிட்டாக எடுத்து அதன்மேல் போட்டேன். இது நீலம் தூக்கலுங்க என்றாள். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். இது வெளுப்புங்க என்றாள். அதையும் போட்டுக்கொண்டேன். மொரப்பூர் பஸ் வளைவில் திரும்பி வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்தினார். கண்டக்டர் கதவைத் தட்டித் தட்டி ஏதோ கத்தினார். உசேன் வாசற்படியில் நின்றிருந்தான். இறங்கவுமில்லை, உள்ளே போகவுமில்லை. தீர்த்தம்மாள் பிடியைத் தளர்த்தப் பார்த்தாள்.

"விடாத, நல்லா இழுத்துப் பிடி" என்றேன்.

தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் சேலை காற்றில் உப்பி நின்றது. மடியில் இன்னும் பாதித் துணி இருந்தது. அடுத்த பிட்டை எடுத்தேன்.