சதுர மீட் பையும் ஒன்பது பேரும்

1

இந்தக் கதை என் சட்டையின் மார்பில் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர்க் கால்பந்து மைதானத்து வேலியோரம் நின்று, புதிதாக வந்த சதுர மீட் பையை* ஒரு மூலையில் கடித்தேன். எதிர் மூலையிலிருந்து குழம்பு பாய்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் வேலியோரம் காத்திருந்த நாய்கள் எல்லாம் பெருத்துப்போய், வீட்டுக்கு வாடகைக் காரில் திரும்பின. (நம்பாதவர்கள் ஓட்டுநரைக் கேட்கலாம்.)

*கறிக்குழம்பை மாவுக் கூட்டில் அடைத்துச் சுட்டது. காய்கறி வாங்கப் போகும் பை அல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "லாக்லன் விட்ஃபோர்ட் என்ற இரக்கமற்ற மேலாளர்…"

அடித்துவிட்டேன். அந்தப் பையைச் சுடும் ஆலையில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் பெற்றவர்களுக்கு முன்பே கண் கலங்குகிறவன் அவன். வில்லனாக்கப் பார்த்தேன், ஆள் மசியவில்லை.

சதுரம் அவன் யோசனை. வட்டமாக இருந்தால் பெட்டியில் இடைவெளி விழுகிறது, காற்றுக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்கிறோம் என்றான். நியாயம்தானே? உணவறையில் எல்லோரையும் உட்காரவைத்து, தட்டும் முள்கரண்டியும் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னான். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். பழைய வட்ட அச்சுகள் பழைய இரும்புக்குப் போயின.

மைதானத்தில் ஒரு கை பைக்கு. மறு கை, கோல் விழுந்தால் வேலியோரம் நிறுத்திய காரின் ஹாரனை அமுக்க. முள்கரண்டிக்கு மூன்றாவது கை எங்கே? இது ஊருக்கே தெரியும். அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

3

சதுரப் பை விற்பனை படுத்துவிட்டது. இப்போது ஒன்பது பேர் வேலையை விட்டுப் போயாக வேண்டும். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லோரையும் வைத்துக்கொண்டால் ஆலையே மூடும். கணக்கு சரி. ஆனால் லாக்லன் படிக்கவேண்டிய அறிவிப்பில் காரணம் 'சந்தை மந்தம்' என்று இருக்கிறது. எதிர்த் தெரு அடுமனையில் வட்டப் பைக்கு வரிசை நிற்கிறது. படகில் ஓட்டை போட்டுவிட்டு, பாரம் அதிகம் என்று ஆளை இறக்குவது போல… (உவமை பழசு. ஓட்டை புதுசு.)

4

காலைத் தேநீர் வேளை. லாக்லன் காகிதத்தோடு எழுந்தான். அடுப்புப் பிரிவு நோலீன் பாஸ்கோ, ஒன்பது பேரில் ஒருத்தி, அவன் கையில் ஒரு சதுரப் பையை வைத்தாள்.

"படிக்கறதுக்கு முன்னாடி இதைச் சாப்பிடு, லாக்கி."

"தட்டு?"

"மைதானத்துல யாரு தட்டு குடுத்தா?"

பின்வரிசையில் ஒருவர், சட்டையைக் கழற்றிவிட்டுக் கடிக்கச் சொன்னார்.

"நாங்க போறோம்ப்பா. அது கணக்கு," என்றாள் நோலீன். "அன்னைக்கு நானும் நல்லாருக்குன்னு ரெண்டாவது கேட்டு வாங்கித் தின்னவதான். என் பங்கை ஒத்துக்கறேன். ஆனா சந்தைதான் எங்கள அனுப்புச்சுன்னு மட்டும் சொல்லாத. நாளைக்கு வேற எடத்துல வேலை கேக்கப் போவேன். ஏன் அனுப்புனாங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் காகிதத்தை அப்படியே படிக்கிறான். வேலை தங்குகிறது, தூக்கம் போகிறது. மற்றதில் தன் பெயரைப் பத்தாவதாகச் சேர்க்கிறான், கை தட்டுகிறார்கள். அப்போதும் ஒன்பது பேருக்கு வேலை இல்லை. இரண்டையும் அடிக்கப் போனேன், அதற்குள்…

அவன் கடித்துவிட்டான். குழம்பு மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை போனது. யாரும் சிரிக்கவில்லை. நோலீன் துடைக்கத் துணி நீட்டினாள். அவன் வாங்கவில்லை, காகிதத்தை மேசைமேல் வைத்தான்.

வாய் நிறையக் கொதிக்கும் கறி. விழுங்கியதும் பேசுவான். எனக்கோ காது மந்தம். நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள். என்ன சொன்னான்?