சூரியன் மேல் போட்ட பழி

லாபு தோட்டத்தில் சன்னாசி சொன்ன எதையும் நம்பியவர் கிடையாது. எண்ணெய்க்கு வெட்டும் செம்பனைக் குலை விழுந்த வேகத்தில் தரை பிளந்து, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர் உள்ளே போய்விட்டார் என்பார். அதே மண்டோர் போர்ட்டிக்சன் கடலில் எழுந்து வந்து, ஈரச் சட்டையோடு மறுநாள் வேலைக்குப் பேர் கூப்பிட்டாராம். மனைவி பஞ்சாலை நாற்பத்தொரு வருஷமாக இதற்கெல்லாம் "ம்க்கும்" என்பதோடு சரி.

அந்த மே மாதம், மகன் தர்மேந்திரன் வாங்கித் தந்த பிரஷர் கருவி அவளுக்கு நூற்றுத் தொண்ணூறு காட்டியது. மறுநாள் செண்டாயானில் மகன் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து.

"கிளினிக்குப் போனா படுக்க வச்சிடுவாங்கலா. காதுகுத்த பாக்க முடியாதுங்க." முகம் சிறுத்துப்போயிருந்தது.

அவளைச் சிரிக்க வைக்கத்தான் சன்னாசி வாயைத் திறந்தார். காலையில்தான் கைப்பேசியில் படித்திருந்தார். சூரியனில் புயல் அடித்தால் பூமியின் காந்தம் ஆடுமாம். அந்த நாட்களில் சிலருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்களாம். அதிலிருந்த ‘சிலருக்கு’, ‘கொஞ்சம்’, ‘சந்தேகம்’ மூன்றையும் வழக்கம்போலக் கழற்றி வைத்துவிட்டார்.

"இது ஒன் பிரஷரே இல்ல புள்ள, சூரியனோடது. மூணு நாள்ல புயல் ஓஞ்சா தானா எறங்கிடும். இன்னைக்கு லயத்து வீட்டுச் சேவலுங்க எல்லாம் வடக்க பாத்துத்தான் கூவுச்சுங்க, தெரியும்ல?"

"ம்க்கும்" வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"நெசமாவா?"

"போன்லயே போட்டிருக்கான்லா." நீட்டினார். படிக்கத் தெரியாதவள், படத்தில் கொதிக்கும் சூரியனை உற்றுப் பார்த்தாள்.

"இந்தச் சனியன் பண்ற வேலையா?" முகம் தெளிந்தது. கருவியை உறையில் போட்டு மூடினாள்.

அப்போதே பொய் என்று சொல்லியிருக்கலாம். ஆயுசில் முதல்முறையாக ஒருத்தி நம்புகிறாள். அந்த ருசியில் சும்மா இருந்துவிட்டார்.

மறுநாள் பேத்தி வீறிட்டபோது, தூக்கக் கை நீட்டிய பஞ்சாலைக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

இப்போதெல்லாம் காலையில் அவளுடைய அசையாத கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அசையும் கையில் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றுகிறார். மாத்திரை சாப்பிடுவதால் நூற்று முப்பதுக்கு மேல் போவதில்லை. காதுகுத்துக்கு வந்த தோட்டத்து ஆட்களிடமெல்லாம் அவள் அன்றே சூரியன் கதையைச் சொல்லியிருந்தாள். கடைக்குப் போனபோதெல்லாம், "என்னா சன்னாசி, இன்னைக்கு சூரியன் எப்படி?" என்றார்கள். அவர் போவதை நிறுத்திவிட்டார்.

இன்று பட்டையை அவிழ்க்கும்போது சொல்லிவிட்டார்.

"சூரியன் இல்ல புள்ள. நான்தான்."

வாயின் நல்ல பாதி மெல்ல அசைந்தது.

"ம்க்கும்."

பஞ்சாலை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். செம்பனைகளுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த சூரியனை, கண் கூச, முறைத்தாள். சன்னாசி எழுந்து திரையை இழுத்துவிட்டார். நல்ல கையால் அதை அவள் விலக்கினாள்.