நேபாளத்துக் கட்டுரை

"சந்திரா, உள்ள போ. பொண்ணு கெளம்புற நேரம்," என்றார் ராஜமாணிக்கம்.

சந்திரா ஏற்கெனவே சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கணவன் இறந்த நாளிலிருந்து, வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் அவளுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் அது. சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் கணவனின் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவார். கடமை தவறாத மனிதர்.

அவள் மகள் தேவிப்பிரியாவுக்கு ஒரு பரிசு கிடைத்திருந்தது. அண்டை நாடுகளைப் பற்றிப் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கான கட்டுரைப் பரிசு. சென்னையில் விழா.

"அம்மாவும் வரட்டும் பெத்தநைனா," என்றாள் பெரியப்பாவிடம்.

"நல்ல காரியத்துக்கா? வெளயாடாத. ஏய் நிர்மலா, எதுக்க வா!"

பெரியம்மா நிர்மலா மஞ்சள் பூசிய முகமும் தண்ணீர்க் குடமுமாக எதிரே வந்தாள். சகுனம் பிசகாமல் பெண் வாசலைத் தாண்டினாள்.

ராஜமாணிக்கம் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. விசைத்தறிக் கொட்டகையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்து, "நேபாளத்தப் பத்தி பிச்சி ஒதறிட்டா" என்றார், அதோடு சரி. முழுதாகக் கேட்டவள் சந்திரா ஒருத்திதான். நேபாளத்தில் கணவனை இழந்த பெண்கள் சிவப்பு உடுத்தக் கூடாது என்று ஒதுக்கப்பட்டதையும், அதை மீறிச் சிலர் சிவப்புச் சேலை கட்டியதையும் மகள் வாசிக்க, தறிக்கான தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த ஊர்லயுமாம்மா?"

விழாவில் தலைமை தாங்கியவர் கட்டுரையை வானளாவப் புகழ்ந்தார். "நல்லவேளை, நம் நாட்டில் இந்தக் கொடுமைகளையெல்லாம் எப்போதோ தாண்டி வந்துவிட்டோம்," என்று முடித்தார். கூடம் அதிரக் கைதட்டல். முன்வரிசையில் ராஜமாணிக்கம் தட்டியதுதான் எல்லாவற்றிலும் பலம். கேடயத்தை வாங்கிக்கொண்ட தேவிப்பிரியாவைப் பேசச் சொன்னார்கள். 'நன்றி' என்று மட்டும் சொன்னாள். அத்தனை பேர் நடுவில் அநாதையாக நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

ரயிலில் பெரியப்பா ஓயாமல் பெருமை பேசிக்கொண்டே வந்தார். அவள் சன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

திருத்தணியில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நிர்மலா ஆரத்தித் தட்டோடு நின்றாள். தேவிப்பிரியா நிற்கவில்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து, சமையலறையின் பின்கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தாம்மா. தொற."

"ஐயோ, வாசப்பக்கம் போம்மா. ஆரத்தி கரைச்சி வெச்சிகினு நிக்கிறாங்க. பரிசு வாங்கினு வந்து என் மூஞ்சிலயா முழிப்ப?"

"ஆங், ஒன் மூஞ்சிலதான். நீ தொறக்கற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

முன்வாசலில் ராஜமாணிக்கம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். உள்ளே அம்மா அழுவது கேட்டது. தேவிப்பிரியா நகரவில்லை.

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்த சந்திரா, பழக்கதோஷத்தில், அதன் பின்னாலேயே போய் நின்றுகொண்டாள்.