ஓட்டைச் சாக்கு

ரேஷன் கடையிலிருந்து வீடு வரைக்கும் தர்மராஜ் அரிசியால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். சாக்கை எலி கடித்திருக்கிறது, தைத்து எடுத்துப்போ என்று மனைவி கன்னியம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். பயிரையே மாற்றிக் காட்டிய மனுஷனுக்கு ஊசி நூல் எதற்கு? தர்பூசணி வயலில் களை வராமல் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு துண்டைக் கிழித்து ஓட்டையில் திணித்தார். மொபெட்டின் முதல் குலுக்கலிலேயே அது கழன்றுவிட்டது. கோழிகள் ஊர்வலமாகப் பின்னால் வந்ததையும் தன் செல்வாக்கு என்றே நினைத்தார்.

“இன்னா அண்ணாத்த, ஊருக்கே அன்னதானமா?” என்று பக்கத்து வீட்டு ஜெயக்குமார் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

இருபது கிலோ பாதியாகியிருந்தது. மாதம் பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது.

இரண்டு வருடமாக ஐப்பசியில் வராத மழை கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டி நெல்லை மூழ்கடித்தது. முழுகியது போக மிஞ்சியது வீட்டுச் சோற்றுக்குப் போதுமானதாக இருந்தது. இந்த வருடம் தர்மராஜ் நெல்லே வேண்டாமென்று முக்கால் ஏக்கரிலும் தர்பூசணி போட்டார். காய் நன்றாகத்தான் வந்தது. மாமல்லபுரம் ரோட்டில் கார்க்காரர்கள் இறங்கி நின்று தின்றார்கள். வந்த காசு ஷீட்டுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் போனது.

வீட்டில் சாக்கை இறக்கி, “இது பத்துமா?” என்று கன்னியம்மாவிடம் கேட்டார்.

“பத்தும். நீ போய் அந்தக் கோழிங்களுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வா.”

செய்த பாவத்துக்குத் தானே அரிசியை டிரம்மில் கொட்டினார். உள்ளே அளக்கிற உழக்கைக் காணோம். அதைவிடச் சின்னதாக டீ கிளாஸ் ஒன்று கிடந்தது.

“இன்னாமே, அரிசிக்கு டீ ஊத்திக்கினு கீறியா?”

கன்னியம்மா சிரிக்கவில்லை. “கொயம்பு சூடா கீது, துன்னு.”

“நீ துன்னியா?”

“ஆச்சு.”

பானையைத் திறந்தார். ஓர் ஆள் சோறும், பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு எடுத்துவைத்ததும் இருந்தன. நேற்று ராத்திரி இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றது, அந்த நேரம் பார்த்தா ஞாபகத்துக்கு வர வேண்டும்?

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயிரை மாற்றியது சரிதானா என்று வேளாண்மை ஆபீசில் கேட்டபோது ‘பாக்கலாம்’ என்றார்கள். வியாபாரி ‘மார்க்கெட் அப்படி’ என்றான்.

“கன்னியம்மா, தர்பூசணி போட்டது தப்பா? நேரா சொல்லு.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“போட்டது தப்பில்ல. கால் பங்காவது நெல்லு வெச்சிக்கலாம்னு சொன்னேன், நீ கேக்கல. அதான் தப்பு. தை மாசத்துலேர்ந்து நான் ராத்திரில துன்றதில்ல.”