உடையாத எண்

பல் செட்டின் மேல்வரிசையில் கடைசிப் பல்லை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் கைப்பேசி அதிர்ந்தது. தம்பி. ஒன்றரை வருஷமாகப் பேச்சே இல்லாதவன், எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், மொட்டையாக ஒரு எண்ணை அனுப்பியிருந்தான்: 999919.

இருவரும் இதே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பல் கட்டியவர்கள். கை வேலை செய்யும், வாய் எண்களை உடைக்கும். ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால் மற்றவர் அதை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிக்க வேண்டும். ஒன்றால் பெருக்குவது செல்லாது. பிரித்துவிட்டால் எண் சொன்னவர் தோற்றார், முடியாவிட்டால் மற்றவர். தோற்றவர், ஜெயித்தவர் இருக்கிற இடத்துக்கு டீ கொண்டுபோக வேண்டும். பிறகு ஒருநாள் தம்பி இவளிடம் மூச்சு விடாமல் பஸ் ஓட்டப் போய்விட்டான். "போனவன் போனவனாவே இரு" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவனும் அப்படியே இருந்துவிட்டான். வீம்பில் மட்டும் இருவரும் ஒரே அச்சு.

அதற்குமேல் அவளுக்கு வேலை ஓடவில்லை. பார்த்தால் உடையாத எண் போலத்தான் இருந்தது. மூன்று, ஏழு, பதினொன்று, பதிமூன்று, எல்லாமே மீதி வைத்தன. யாரோ ஒரு பெரியவரின் கடைவாய்ப் பல்லை முன்வரிசையில் பதித்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு பிடுங்கினாள்.

மத்தியானம் கை கழுவும்போதுதான் பிடிபட்டது. பத்து லட்சத்துக்கு எண்பத்தொன்றுதான் குறைவு. பத்து லட்சம் என்பது ஆயிரம் ஆயிரம். எண்பத்தொன்று, ஒன்பது ஒன்பது. ஆயிரத்தில் ஒன்பதைக் கழித்து ஒன்று, கூட்டி ஒன்று. 991, 1009. பெருக்கிப் பார்த்தாள், சரியாக வந்தது. இந்தக் குறுக்கு வழியை அவளுக்குக் காட்டியதே அவன்தான். அப்படியென்றால் தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறான். தோற்றுப்போய் டீயோடு வந்து நிற்க ஒரு சாக்கு வேண்டும் அந்தக் கழுதைக்கு.

அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது. விரட்டியவள் இவள், இறங்கி வருகிறவன் அவனா?

"முடியலடா. உடையவே மாட்டேங்குது. நான் தோத்துட்டேன்" என்று அனுப்பினாள். பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு பஸ் டிப்போவுக்குக் கிளம்பினாள்.

அங்கே நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸின் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். சற்று இளைத்திருந்தான்.

"நிஜமாவே உடையலையா அக்கா?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூறு வரைக்கும் வகுத்துப் பாத்தேன். அதுக்கு மேல கை வலிச்சிருச்சு."

தம்பி அவளையே பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தான். பிறகு அவள் உட்கார இடம் விட்டு, படியில் ஓரமாக நகர்ந்தான். அதுவரை அவன் மறைத்து உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னொரு ஃபிளாஸ்க் இருந்தது, மூடியைச் சுற்றி லேசாக ஆவி கட்டியிருந்தது.