தொப்பிக்குள் இருந்த கடிதம்

ஷேக் தாவூத் மரைக்காயரைத் துருக்கித் தொப்பி இல்லாமல் பழவேற்காட்டில் யாரும் பார்த்ததில்லை. ஏரியில் படகு கவிழ்ந்தபோது கூட ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நீந்திக் கரையேறினார் என்று ஊரில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் தம் குடும்பத்து மானம் அந்தத் தொப்பியோடு சேர்ந்தது என்று அவர் நம்பியதில் கூட்டல் ஏதுமில்லை.

1951ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை முற்பகல். கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் அவருடைய கூண்டு வண்டி நின்றிருந்தது. முன்னால் அவர். திரைக்குப் பின்னால் மகள் சைதா. வண்டியோரம் சைக்கிளைப் பிடித்தபடி போலீஸ்காரர் தேசப்பன்.

கேட் மூடி முக்கால் மணி நேரம் ஆயிற்று. வடக்கே போகும் பட்டாள ரயில் ஒன்று ஆமைபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. திறந்த பெட்டிகளில் ஆவடி டிப்போ லாரிகள், கித்தான் போர்த்திய பீரங்கிகள், அவற்றின் மேலேயே சாய்ந்து பீடி குடிக்கும் சிப்பாய்கள்.

"காலைலேர்ந்து இது மூணாவது வண்டி பாய்," என்றார் தேசப்பன். "எல்லைல ரெண்டு பக்கமும் துப்பாக்கிய நீட்டிக்கினு நிக்கறாங்களாம். சண்டை வந்தாலும் வருமாம். பேஜாரு புடிச்ச காலம்."

"ஜமாபந்தி எத்தனை மணி வரைக்கும்?"

"அதிகாரி ஒரு மணிக்கு ஜீப்புல ஏறிடுவாரு. கூடாரத்தைப் பிரிச்சிடுவாங்க. அதுக்குள்ள போனாத்தான் உண்டு."

ஜமாபந்தி அதிகாரியிடம் மன்றாடத்தான் தாவூத் போய்க்கொண்டிருந்தார். தேசப்பனின் சட்டைப் பையில் ஓர் உத்தரவு இருந்தது. சைதா இங்கே தங்குவதற்கான மூன்று மாத பர்மிட் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்கே அவளை ரயிலேற்றி மேற்கு எல்லைக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவள் பாகிஸ்தானில் குடியேறிவிட்டவளாம்.

அப்படி எழுத வைத்தவரே தாவூத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் மருமகன் அமீருதீன் தோல் மண்டி முதலாளியோடு கராச்சிக்குப் போனான். சைதாவையும் அழைத்துப் போனான். இந்த வருஷம் சித்திரையில் அவள் ஒரு தகரப் பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்தாள். பழவேற்காட்டிலேயே இருந்துவிட அனுமதி கேட்டு மனுப் போட்டார்கள். விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். "உங்க பொண்ணு எதுக்குப் போனாங்க, எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டார். கூடத்தில் ஜமாத்துப் பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருமகன் கோபித்துத் திருப்பியனுப்பிவிட்டான் என்று அவர்கள் காதுபட எப்படிச் சொல்வது? தாவூத் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "மருமகனுக்குக் கராச்சில பெரிய கடை. எம்பொண்ணு அங்கயே குடியேறி ராணி மாதிரி இருக்கா. வயசான வாப்பாவைப் பார்த்துட்டுப் போக வந்திருக்கா."

இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு போனார்.

திரைக்குள்ளிருந்து சைதாவின் குரல் வந்தது. "வாப்பா, வரும்போது அந்த எல்லைல ரெண்டு நாள் மணல்ல உக்காந்திருந்தேன். இந்தப் பக்கத்துக்காரன் உள்ள வராதேங்கறான், அந்தப் பக்கத்துக்காரன் திரும்பி வராதேங்கறான். ஒருத்தி நடுவுலயே புள்ள பெத்தா. நாங்க நாலு பேர் முந்தானையப் புடிச்சிக்கினு சுத்தி நின்னோம். சிப்பாய்ங்க பள்ளம் தோண்டிக்கினே இருந்தாங்க, திரும்பிக்கூடப் பாக்கல. அங்க அனுப்பறதுக்கு ஏரில தள்ளிடுங்க."

"வாய மூடு. போலீசு நிக்குது," என்றார் தாவூத். அவர் கை தன்னையறியாமல் தொப்பிக்குப் போனது. அதன் உள் துணிக்குள், தையலைப் பிரித்துச் செருகி வைத்த ஒரு கடிதம் இருந்தது. நோன்பு மாதத்தில் கராச்சியிலிருந்து வந்தது. அதை அவர் ஊருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. மருமகன் கோபம் தணிந்து கூப்பிடுவான், அப்போது கிழித்துப் போட்டுவிடலாம் என்றிருந்தார்.

கேட் திறந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்குகளைப் பார்வையிடும் ஜமாபந்திக் கூடாரம் பஜார் கோடியில் போட்டிருந்தது. பட்டாவுக்கும் வாய்க்காலுக்கும் வந்த கூட்டம் தோப்பு நிறைய நின்றது. தாவூத் வண்டியைத் தூரத்துப் புளியமரத்தடியில் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தேசப்பனோடு உள்ளே போனார்.

அதிகாரி உத்தரவைப் படித்தார். "பெரியவரே, நீங்களே வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே வீடு, கணவன், கடை. பிறகு நான் என்ன செய்ய முடியும்?"

"அது பொய்ங்க."

"பொய்யா? அதற்கு என்ன அத்தாட்சி?"

தாவூத் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலை எல்லாருக்கும் தெரிந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உள் துணியைக் கிழித்துக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதிகாரி புரட்டிப் பார்த்தார். "இது என்ன, உருதுவா?"

"தமிழ்தாங்க. அரபு எழுத்துல தமிழை எழுதறது எங்க வழக்கம். நான் படிக்கறேன்."

"நீங்கள் படித்தால் நான் எப்படி ஏற்பது? உங்களுக்கு வேண்டியதைப் படிப்பீர்கள். இதைப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாராவது இருக்கிறாரா?"

ஒருவர் இருந்தார். ஊர் இடுகாடான மையவாடி நிலத்துப் பட்டாவுக்காக வந்திருந்த ஜமாத்துக் கணக்கர் ஹபிபுல்லா. பத்து வருஷத்துக்கு முன் ஹபிபுல்லா தம் மகனுக்குச் சைதாவைக் கேட்டு வந்தார். "கருவாட்டு வாடை வீசற ஊட்டுக்கு எம்பொண்ணு வரமாட்டா" என்று நாலு பேர் நடுவில் சொல்லியனுப்பியவர் தாவூத். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஹபிபுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை விரித்தார். முதலில் மனதுக்குள் படித்தார். அவர் முகம் மாறியது. தலை நிமிர்ந்து, தொப்பியில்லாத தாவூதை ஒருமுறை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்:

"சங்கைமிகு மாமா அவர்களுக்கு அமீருதீன் சலாம். நான் சுகம். கடை நன்றாக நடக்கிறது. சைதாவைச் சீக்கிரம் அனுப்பி வையுங்கள். அவள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"பிறகென்ன?" என்றார் அதிகாரி. "கணவன் கூப்பிடுகிறான்." பேனாவை எடுத்தார்.

ஹபிபுல்லா தாவூதை நோக்கி இமைகளை மெல்லத் தாழ்த்தினார். உன் மானம் என் கையில் பத்திரம் என்றது அந்தப் பார்வை. ஊருக்குள் ஆயிரம் பகை இருக்கும். வெளியாள் முன்னால் ஊர்ப் பெரிய மனிதனின் தலை குனியக்கூடாது. பழவேற்காட்டில் பிறந்தவன் அப்படித்தான் படிப்பான். தாவூதே அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், தாவூதுக்கு அந்தப் பொய் குளிர்ந்த தண்ணீர்போல் இருந்தது. தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போய்விடலாம். எதிராளியே சாட்சி. ஊர் வாய் அடைத்துப் போகும். அதிகாரியின் பேனா முனை காகிதத்தைத் தொட்டது. ஸ்டேஷன் பக்கமிருந்து இன்னொரு பட்டாள ரயிலின் கூவல் கேட்டது.

"அதுல அப்படி இல்ல," என்றார் தாவூத். "ஹபிபுல்லா, இருக்கறத படி."

"அண்ணே, வாணாம். நாலு ஊரு நிக்குது."

"நிக்கட்டும். உன் காலப் புடிக்கறேன். படிப்பா."

இரண்டாம் முறை அவர் படித்தபோது குரல் அவருடையதாகவே இல்லை.

"மாமா அவர்களுக்கு அமீருதீன் எழுதிக்கொண்டது. உங்கள் மகளுக்கு மூன்று தலாக்கும் சொல்லிவிட்டேன். வேறு பெண்ணை நிக்காஹ் செய்து ஒரு மாதமாகிறது. சைதா திரும்பி வந்தாலும் என் வாசலில் அவளுக்கு இடமில்லை. மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளை பெற்றுத் தராதவளுக்கு நான் சோறு போட்டது போதும்."

பின்வரிசையில் எவனோ 'ப்ச்' கொட்டினான். அந்தச் சத்தம் தாவூதின் பிடரியில் அறைந்தாற்போல் விழுந்தது.

ஆனால் அதிகாரியின் முகம் கடுத்துவிட்டது. "என்னய்யா விளையாட்டு? ஒரே கடிதம். முதலில் ஒன்று படித்தாய், அவர் காலைப் பிடித்ததும் வேறொன்று படிக்கிறாய். நான் எதை நம்புவது? ஒரு மணியாகப் போகிறது. அழைத்துப் போங்கள்."

"ஐயா, அல்லா மேல ஆணையா ரெண்டாவதுதான் நெசம்," என்று ஹபிபுல்லா கதறினார். "மானத்துக்காக மாத்திப் படிச்சிட்டேன்."

"மானத்துக்காக இப்போதும் மாற்றிப் படித்திருக்கலாமே."

இத்தனை பேர் முன்னால் தலையை இறக்கியும் வீண்தானா? வேட்டி மண்ணில் புரள அவர் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டார். எந்தச் சர்க்கார் கச்சேரியிலும் அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

தேசப்பன்தான் மெதுவாகச் சொன்னார். "ஐயா, பொண்ணு தூரத்துல வண்டில கீது. இங்க படிச்சது எதுவும் அதுக்குக் கேட்டிருக்காது. கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்களேன்."

"அவளுக்குத் தெரியாதுங்க," என்றார் தாவூத், தரையைப் பார்த்தபடி. "நான் காட்டவே இல்ல."

"அழைத்து வா," என்றார் அதிகாரி.

மரைக்காயர் வீட்டுப் பெண் ஒருத்தி அத்தனை ஆண்களுக்கு நடுவில் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்தியிருந்தாள். செருப்பில்லாத கால் மட்டும் தெரிந்தது. தகப்பன் வெறும் தலையோடு மண்ணில் உட்கார்ந்திருப்பதையும், ஹபிபுல்லாவின் கையிலிருந்த காகிதத்தையும் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அம்மா, இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?"

சைதா தகப்பனை ஒருமுறை பார்த்தாள். "தெரியும்," என்றாள் பிறகு.

தாவூத் தலை நிமிர்ந்தார்.

"மாமா அவர்களுக்கு அமீருதீன் எழுதிக்கொண்டது," என்று அவள் தொடங்கினாள். மதரசாவில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல் ஏற்ற இறக்கமில்லாத குரல். தலாக்கைச் சொன்னாள். வேறு நிக்காஹைச் சொன்னாள். வாசலில் இடமில்லை என்பதைச் சொன்னாள். ஹபிபுல்லாவின் விரல் வரிக்கு வரி கூடவே நகர்ந்தது. "மூன்று வருஷத்தில்..." என்ற இடத்தில் அவளுக்குக் குரல் நின்றது. அதிகாரி "போதும்" என்றார். அவள் போதுமென்று விடவில்லை. சோறு போட்டது வரைக்கும் சொல்லி முடித்தாள்.

"எழுத்துக்கு எழுத்து சரிங்க," என்றார் ஹபிபுல்லா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதிகாரி நிறைய எழுதினார். கடிதத்தைக் கோப்போடு சேர்த்துக் கட்டினார். "சிபாரிசு செய்திருக்கிறேன். முடிவு கலெக்டருடையது. எல்லை இப்படிக் கொதிக்கும்போது மேலே என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. பதில் வரும்வரை பெண் உங்கள் வீட்டில் இருக்கட்டும். கான்ஸ்டபிள், வெள்ளிக்கிழமை உத்தரவை நிறுத்தி வை."

வண்டிக்கு நடக்கும்போது தாவூத் கேட்டார். "எப்ப படிச்ச?"

"பெருநாளைக்குத் தொப்பியத் தொடைச்சி வச்சேனே வாப்பா, அப்ப."

"ஏன் என்னைக் கேக்கல?"

"நீங்க சொல்லலியே."

அவர் தொப்பியைப் பார்த்தார். உள் துணி கிழிந்து தொங்கியது. அதை உள்ளே தள்ளித் தலையில் வைத்துக்கொண்டார். சரியாக உட்காரவில்லை.

ஹபிபுல்லா பத்தடி பின்னால் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தார். கேட் மறுபடி மூடியிருந்தது. பீரங்கிகளோடு ஐந்தாவது வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் இரைச்சலுக்கு மேலே தாவூத் குரல் கொடுத்தார்.

"முன்னால எடம் இருக்கு, ஹபிபுல்லா. ஏறு."

"கருவாட்டு வாடை வீசும்ணே."

"வீசட்டும்," என்றார் தாவூத், ரயிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.